ஸ்காலர்ஷிப்பில் ‘தேவை’ என்பது எது? ஜீப் ஏறும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்து பத்து நாள் ஆனால் போதும், கேரள எல்லையை ஒட்டிய தேனி மாவட்டத்துக் கம்பத்தில், என் இ-சேவை கவுண்டருக்கு முன்னால் செருப்புகள் குவிந்துவிடும். அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் கூடலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர். கூடவே மகள். மற்ற நாளாக இருந்தால் அந்த நேரத்துக்கு அவர் ஜீப் ஏறிக் குமுளியைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் இறங்கியிருப்பார். மகளுக்கு வருமானச் சான்றிதழ் எடுக்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். விண்ணப்பத்தில் வருமானக் கட்டம் வந்ததும் கேட்டேன்.

“வருஷ வருமானம் எவ்வளவுக்கா போடட்டும்?”

“எனக்கென்ன தெரியும் தம்பி. எல்லாருக்கும் போடுற மாதிரி நீயே பாத்துப் போடு.”

இந்தப் பதிலை ஒரு சீசனில் எத்தனை தடவை கேட்பேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் ஸ்காலர்ஷிப் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பாதிக்குப் பாதி அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. அதைப் ‘பாத்துப் போட’ எனக்கு அதிகாரம் கிடையாது. அந்தக் குடும்பம்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது, அந்தப் பணம் எந்தத் தர்க்கத்தில் வருகிறது, எல்லையில் குடியிருப்பதால் வரும் சிக்கல் என்ன என்று, கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கப் போகும் வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். படிப்புக்கு வெளியிலிருந்து வரும் பணம் எல்லாவற்றையும் நம் ஊரில் ‘ஸ்காலர்ஷிப்’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். வங்கி கொடுப்பது கடன், அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். மதிப்பெண்ணுக்காகக் கொடுப்பது பரிசு மாதிரி; அப்பாவுக்கு நாலு ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருந்தாலும் கொடுப்பார்கள். தேவை பார்த்துக் கொடுப்பது வேறு. வீட்டு நிலைமை காகிதத்தில் நிரூபணமானால் வரும், திருப்பித் தர வேண்டியதில்லை. கிராண்ட் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

இவற்றுக்கு நடுவே இன்னொரு வகையும் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அது தேவை பார்த்து வருவதில்லை. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ போனால் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டிலும் அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்ற கேள்வியே இல்லை. எந்தப் பள்ளி என்பதுதான் கேள்வி. தொழிற்படிப்புகளில் கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் அப்படித்தான், வீட்டில் பட்டதாரி உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும். இவற்றுக்கெல்லாம் வருமானச் சான்றிதழ் தேடி அலையும் பெற்றோரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எந்தப் பணம் எந்தக் கேள்வி கேட்கிறது என்று தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

சரி, தேவை என்றால் என்ன? வறுமை என்று சொல்லிவிடுவோம். ஆனால் ஸ்காலர்ஷிப் மொழியில் தேவை என்பது ஒரு கழித்தல் கணக்கு. படிக்க ஆகும் மொத்தச் செலவிலிருந்து வீட்டால் கொடுக்க முடிந்ததைக் கழித்தால் மிஞ்சும் பள்ளம்தான் தேவை.

இந்தக் கழித்தலைப் பளிச்சென்று போட்டுக் காட்டுவது அமெரிக்காவின் ஏற்பாடு. அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்று இரண்டு வருடக் கல்லூரிகள் உண்டு. இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் 1901-இல் தொடங்கியதுதான் அவ்வகையில் முதல் அரசுக் கல்லூரி என்பார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குழந்தை வளர்க்கும் அம்மாக்கள் எல்லாரும் வருவது அங்கேதான். கலிஃபோர்னியாவில் அந்த மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தை அளக்கும் ஓர் அலகுக்கு, 46 டாலர் கட்டணம். முழுநேரம் என்றால் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட், 552 டாலர். அந்த ஊர் சம்பளத்துக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால் வாடகை, சாப்பாடு, பஸ், புத்தகம் எல்லாம் சேர்ந்தால் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். அதனால் அங்கே ‘படிப்புச் செலவு’ என்று ஒவ்வொரு கல்லூரியும் கணக்கிடும்போது வாடகையையும் சாப்பாட்டையும் சேர்த்தே போடுகிறது. குடும்பம் ஃபாஃப்சா என்றொரு விண்ணப்பம் நிரப்பும். அதிலிருந்து, அந்த வீட்டால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைக் குறிக்க ஓர் எண் வரும். செலவிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் தேவை. மிகவும் கஷ்டப்படும் வீட்டுக்கு அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே, கழித்தல் 1,500 வரைகூடப் போகும். கூட்டாட்சி அரசு தரும் பெல் கிராண்ட், 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். இந்தக் கிராண்டுக்கான வித்து 1972-இல் போடப்பட்டது. 1980-இல் கிளெய்பர்ன் பெல் என்ற செனட்டரின் பெயரை வைத்தார்கள். விசா எடுத்துப் படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. அங்கே குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களுக்குத்தான். ஏஜென்ட் யாராவது ‘அமெரிக்க அரசே ஃபீஸ் கட்டும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் ஊர் ஏற்பாடு இப்படிக் கழிப்பதில்லை. நம்முடையது வேலி. வருமானம் இந்தக் கோட்டுக்கு உள்ளே என்றால் பணம், வெளியே என்றால் இல்லை. எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பில், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவியில், கோடு ஆண்டுக்கு 2.5 லட்சம். பி.சி., எம்.பி.சி., டி.என்.சி. (சீர்மரபினர்) பிள்ளைகள் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கோ தொழிற்படிப்போ போனால் அதே 2.5 லட்சம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்றால் அவர்களுக்கு வருமானக் கோடு இல்லை. பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவியில் கோடு 4.5 லட்சம், இளங்கலை மூன்று வருடமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய். 2.5 லட்சக் கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2,49,000 காட்டிய வீட்டுக்கும் 60,000 காட்டிய வீட்டுக்கும் ஒரே தொகை. 2,51,000 காட்டிய வீட்டுக்கு ஒன்றுமில்லை. அமெரிக்க முறை படிக்கட்டு மாதிரி இறங்கும், நம்முடையது செங்குத்தான சுவர். எது நியாயம் என்று கேட்டால் படிக்கட்டுதான் என்பேன். ஆனால் அந்த விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விகளுக்கு ஜீப் ஏறும் வீட்டில் யார் பதில் சொல்வது என்பதையும் யோசிக்க வேண்டும். சுவர் முரட்டுத்தனமானது, ஆனால் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

சுவர் என்பதால்தான் வருமானக் கட்டம் இவ்வளவு முக்கியம். அந்த அக்காவிடம் நான் செய்தது இதுதான். ஒரு பழைய காலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டு, “ஒருநாள் கூலி சொல்லுங்க” என்றேன். கணக்குக்கு வசதியாக 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் சட்டென்று போனில் பெருக்கிக் காட்டினாள். 500-ஐ 30-ஆல், அப்புறம் 12-ஆல். 1,80,000. அப்பாவும் அதே தோட்டம், அவருக்கும் அதே. மொத்தம் 3,60,000. “அண்ணே, நமக்குக் கிடைக்காதாண்ணே?” என்றாள்.

பிள்ளை கணக்குத் தப்பில்லை, நாள்தான் தப்பு. மாதம் முப்பது நாளும் ஜீப் ஏறும் ஆள் யாரும் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. ஞாயிறு போச்சு. ஆடி மழையில் மலையில் மண் சரிந்தால் ஜீப் போகாது. காய் எடுப்பு முடிந்து வெயில் ஏறிய மாதங்களில் பாதிப்பேருக்கு வேலை இருக்காது. ஊர்த் திருவிழா, கல்யாணம், சாவு, காய்ச்சல். “நிசமா மாசத்துக்கு எத்தனை நாளுக்கா போவீங்க?” என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, “பதினெட்டு, மிஞ்சிப்போனா இருபது” என்கிறார். வருடத்தில் பத்து மாதம். 500-ஐ 18-ஆல், 10-ஆல் பெருக்கினால் 90,000. இரண்டு பேருக்கும் 1,80,000. கோட்டுக்கு உள்ளே. ஒரு பைசா பொய் இல்லை. குறைத்துக் காட்டச் சொல்லவில்லை, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி போட்டுக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். விசாரணைக்கு வரும் வி.ஏ.ஓ. கேட்டாலும் இதே கணக்கைச் சொல்லலாம். எல்லாருக்கும் போடுகிற மாதிரி 72,000 என்று போட்டு, அவர் கேட்கும்போது பேந்தப் பேந்த விழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

யாருடைய வருமானம் என்பதிலும் குழப்பம் உண்டு. போஸ்ட் மெட்ரிக் கணக்கில் முக்கியம் பெற்றோர் வருமானம். அப்பா அம்மா மலை மேலே, பிள்ளை பாட்டியோடு கீழே என்று வளர்கிற வீடுகள் இங்கே ஏராளம். பாட்டியின் முதியோர் பென்ஷனை மட்டும் காட்டி விண்ணப்பிக்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது அது செல்லாது. கேரளத்தில் வாங்கும் கூலியும் வருமானம்தான். மாநிலம் மாறினால் பணம் மறைந்துவிடாது.

வருமானத்தை இப்படி நுணுக்கமாகப் பார்க்கும் நாம் செலவைப் பார்ப்பதே இல்லை. ‘காலேஜ் ஃபீஸ் எவ்வளவு?’ அதோடு முடிந்தது. ஃபீஸ் கட்டிவிட்டோம், இனிப் பிள்ளை படித்துவிடும் என்று நினைக்கிறோம். இரண்டாவது செமஸ்டரில் பிள்ளை நின்றுவிடுகிறது. ஃபீஸ் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகளைவிட, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் இல்லாமல் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதே காலண்டர்த் தாளில் அதையும் போட்டோம். கூடலூர்ப் பக்கத்திலிருந்து உத்தமபாளையம் போய்வர ஒருநாளைக்கு 40 ரூபாய் என்றால், 180 நாளுக்கு 7,200. இலவசப் பயணம் உள்ள நகரப் பேருந்து சமயத்துக்குக் கிடைத்தால் இது மிச்சம். முதல் வகுப்பு தொடங்கும் நேரத்துக்குக் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மதியம் ஒரு சாப்பாடு, ஒரு டீ, 40 ரூபாய், இன்னொரு 7,200. புத்தகம், ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ் எல்லாம் 5,000. கல்லூரிக் கட்டணம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். போன் ரீசார்ஜ் 300. அதை 12-ஆல் பெருக்காதீர்கள். ரீசார்ஜ்காரன் மாதம் 28 நாள்தான், வருடத்துக்குப் பதின்மூன்று தடவை போட வேண்டும், 3,900. எல்லாம் சேர்த்து 29,300. இது உதாரணத்துக்கு நான் போட்ட கணக்கு. உங்கள் ஊர், உங்கள் பஸ், உங்கள் கல்லூரிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது கழிப்போம். அந்தப் பெண் எஸ்.சி., அரசுப் பள்ளியில் படித்தவள், பி.காம்., வீட்டிலிருந்தே போய்வருகிறவள். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் திரும்பப் பெற முடியாத கட்டாயக் கட்டணம் வந்துவிடும், 6,000. அதற்கு மேல் படிப்புப்படி. மத்திய அரசின் விதியில் படிப்புகளை நான்கு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரண இளங்கலை மூன்றாம் பிரிவு, வீட்டிலிருந்து போனால் ஆண்டுக்கு 3,000, விடுதியில் தங்கினால் 6,000. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போன்ற பட்டமில்லாத படிப்புகள் நான்காம் பிரிவு, 2,500-ம் 4,000-ம். மருத்துவம், பொறியியல் மாதிரி உயர்தொழிற்படிப்புகளுக்கு 7,000-ம் 13,500-ம். புதுமைப் பெண்ணில் வருடத்துக்கு 12,000. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். மொத்தம் 21,000. 29,300-இலிருந்து கழித்தால் 8,300 பள்ளம். மாதத்துக்கு 700 ரூபாய்க்குள். அந்த அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதுக்குப் போயி இவள கடைக்கு வேலைக்கு அனுப்பலாம்னு இருந்தேன்” என்றார்.

ஆனால் ஒரு செலவை எந்தப் படிவமும் கேட்பதில்லை. அந்தப் பெண் கல்லூரிக்குப் போகாமல் அம்மாவோடு ஜீப் ஏறியிருந்தால் அவளும் 90,000 கொண்டுவந்திருப்பாள். வீட்டுக்கு உண்மையில் கனக்கும் செலவு அதுதான். அமெரிக்கக் கணக்கிலும் அது இல்லை, நம் கணக்கிலும் இல்லை. பிள்ளையைப் படிக்க அனுப்புகிற கூலி வீடு ஒவ்வொன்றும் அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒரு கிராண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி எல்லைச் சமாச்சாரத்துக்கு வருவோம். குமுளியில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் மாநிலம் மாறிவிடும். வண்டிப்பெரியாறு, பீர்மேடு, உடும்பன்சோலை, தேவிகுளம் பக்கத் தமிழர் வீடுகளுக்கு ரேஷன் கார்டு ஓரிடம், ஓட்டு ஓரிடம், குலதெய்வம் இன்னோரிடம். பிள்ளை எங்கே படிக்கிறது என்பதை வைத்து ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தப்பு. போஸ்ட் மெட்ரிக் உதவியைக் கொடுப்பது மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம். கல்லூரி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்து அல்ல. கம்பத்துப் பிள்ளை கட்டப்பனையில் படித்தாலும் கேட்க வேண்டியது தமிழ்நாட்டிடம். வண்டிப்பெரியாற்றுப் பிள்ளை உத்தமபாளையத்தில் படித்தாலும் கேட்க வேண்டியது கேரளத்திடம். தமிழ்நாட்டில் இதற்கு யூமிஸ் எண் வேண்டும்; கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளம் அது, கல்லூரியே பதிந்து தரும். கேரளத்தில் இ-கிராண்ட்ஸ் என்ற தளம். வெளிமாநிலக் கல்லூரிக்கு உங்கள் மாநிலம் தனியாக என்ன நிபந்தனை வைத்திருக்கிறது என்பதை அட்மிஷன் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் பள்ளியைப் பார்க்கும் திட்டங்கள் என்றேன் அல்லவா? மலை மேலே கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளை கீழே வந்து கல்லூரியில் சேர்ந்தால், பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கு வரும் 1,000 ரூபாய் இதற்கு வராது. அதே தமிழ்ப் புத்தகம், அதே அரசுப் பள்ளி, வேறு அரசு. இதைக் கவுண்டரில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையிடம் சொல்வது எனக்கு ஒவ்வொரு வருடமும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சாதிச் சான்றிதழ் அதைவிடப் பெரிய முடிச்சு. எஸ்.சி. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அதற்கான முதல் ஜனாதிபதி ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனவர், போன இடத்தில் எஸ்.சி. சலுகை கேட்க முடியாது. சொந்த மாநிலத்தில்தான் கேட்க வேண்டும். 1990-இல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. இந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்தது என்று காட்ட, தோட்டத்துப் பழைய பதிவேட்டையும் பாட்டனாரின் பி.எஃப். காகிதத்தையும் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் கதை எதுவோ, அதைப் பத்தாம் வகுப்பிலேயே தீர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடிந்து ஜூன் மாதம் தொடங்கினால் நேரம் போதாது.

சான்றிதழ் தருபவரும் இரண்டு பக்கமும் ஒரே ஆள் இல்லை. கேரளத்தில் அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீசரே வருமானச் சான்றிதழ் தந்துவிடுவார். நம் பக்கம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இருவரும் பார்த்து அனுப்பி, மண்டலத் துணை வட்டாட்சியர் தருவார். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வி.ஏ.ஓ. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டதைக் கொண்டுவந்து ‘இதுதான் சான்றிதழ்’ என்று நீட்டுவார்கள். அது செல்லாது. இ-சேவையில் 60 ரூபாய் கட்டி வாங்குவதுதான் செல்லும், அதற்கும் ஒரு வருடம்தான் ஆயுள்.

சமுதாயக் கல்லூரி பற்றியும் கேட்கிறார்கள். நம் நாட்டில் அது அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் அளவுக்குப் பெரிய சமாச்சாரம் இல்லை. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் முதலாவதைத் தொடங்கியது, அடுத்த வருடம் சென்னையில் ஒன்று. கேட்டரிங், நர்சிங் உதவியாளர், தையல், கம்ப்யூட்டர் என்று ஆறு மாதம், ஒரு வருடம் படிக்கிற கைத்தொழில் படிப்புகள். நல்லவைதான், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய வீட்டுக்கு ஏற்றவை. ஆனால் ஸ்காலர்ஷிப் பார்ப்பது பெயர்ப்பலகையை அல்ல. அந்தப் படிப்பை அங்கீகரித்தது யார், முழுநேரப் படிப்பா, கல்லூரிக்கு யூமிஸில் பதிவு உண்டா, போன வருடம் அங்கே படித்த யாருக்காவது உதவித்தொகை வந்ததா, இதைத்தான் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ‘வரும், வரும்’ என்று ஆபீஸில் சொன்னால் ஒரு சீனியர் பிள்ளையின் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் புதுமைப் பெண் பணம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாம் சரியாக நடந்து, பணமும் அனுமதியாகி, கைக்கு வராமல் போவதும் உண்டு. ஒரு தம்பிக்கு அப்படி ஆனது. எட்டு மாதம் பணம் வரவில்லை என்று கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் நடந்தான். கடைசியில் பார்த்தால் பணம் எப்போதோ வந்துவிட்டது. பள்ளியில் படிக்கும்போது எதற்கோ திறந்து, மறந்துபோன வேறொரு கணக்கில் கிடக்கிறது. அரசுப் பணம் ஆதார் வழியாக வருகிறது. நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கெண்ணை அது பார்ப்பதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அங்கே போய் உட்கார்ந்துவிடும். குமுளியில் ஒரு கணக்கு, கம்பத்தில் ஒன்று, போஸ்ட் ஆபீஸில் ஒன்று என்று வைத்திருக்கும் எல்லை வீடுகளுக்கு இது அடிக்கடி நடக்கும். வங்கியில் போய், ‘என் ஆதார் எந்தக் கணக்கில் சீடிங் ஆகியிருக்கிறது?’ என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். ‘லிங்க் ஆகியிருக்கா?’ என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார்கள், அது வேறு; அரசுப் பணம் வந்து இறங்கும் கணக்காகக் குறித்து வைப்பதுதான் சீடிங்.

கட்டணப் பகுதியும் சேர்ந்தே பிள்ளையின் கணக்குக்கு வருகிற திட்டங்கள் உண்டு. மொத்தமாக ஒரு தொகை வந்தால் வீட்டில் கடனை அடைத்துவிடத் தோன்றும். அதில் கல்லூரிக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று முதலில் ஆபீஸில் கேளுங்கள். அப்புறம் ரெனிவல். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், வருகை 75 சதவீதம் வேண்டும். சீசனில் பிள்ளையையும் காய் எடுக்க அழைத்துப் போகிற வீடுகளுக்கு இந்த 75 இடிக்கும். ஒரு வார ஜீப் கூலிக்காக ஒரு வருட உதவித்தொகையை இழந்தவர்கள் உண்டு. கணக்கு தெரியாமல் செய்வதுதான். மத்திய அரசின் இரண்டு உதவித்தொகைகளை ஒரே நேரத்தில் வாங்கவும் முடியாது. எது பெரியதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும்.

அன்றைக்கு அந்த அக்காவின் விண்ணப்பத்தை முடிப்பதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது, ஓ.டி.பி.க்குத்தான் அவ்வளவு நேரம். ஆதாரில் கொடுத்திருந்தது வீட்டுக்காரர் நம்பர். அவர் மலை மேலே தோட்டத்தில். நாலு தடவை ஓ.டி.பி. அனுப்பி, நாலு தடவையும் நேரம் கடந்துபோனது. கடைசியில் கங்காணி போனுக்குக் கூப்பிட்டுச் சொல்ல, வீட்டுக்காரர் டவர் கிடைக்கும் பாறைக்கு ஏறி நின்று ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகக் கத்தினார். நான் தட்டினேன். ரசீது வந்தது.

“அண்ணே, மொதல்ல எங்க அம்மா ஆதாருக்கு என் நம்பரை மாத்திருங்கண்ணே,” என்றாள் அந்தப் பெண், காலண்டர்த் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே.